பேபி கணினியின் ஏழு அறிவுறுத்தல்கள்: மாணவர் பக்கத்துக்குச் சில திருத்தங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழ் மொழிமூலம் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் உயர்தர மாணவர்களுக்காக மன்செஸ்டர் பேபி கணினியைப் பற்றித் தங்கள் மாணவர் பக்கத்தில் எழுதியது மிகவும் நல்ல காரியம். கொணர்ந்து நிறைவேற்றும் வட்டத்தை (நினைவகத்திலிருந்து ஓர் அறிவுறுத்தலை எடுத்து, நிறைவேற்றி, அடுத்ததற்குப் போகும் சுற்றை) நான்கு அம்புக்குறி போட்ட படமாக மனப்பாடம் செய்துகொண்டு பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு, அந்த வட்டம் உண்மையிலேயே சுழல்வதைக் கண்முன் காட்ட இதைவிடப் பொருத்தமான இயந்திரம் எங்களுக்குத் தெரியவில்லை. அதனால்தான் கட்டுரையில் புகுந்துவிட்ட மூன்று முக்கியமான பிழைகளைச் சுட்டாமல் விட மனம் வரவில்லை. அட்டவணையை நம்பிப் பென்சிலும் கையுமாக உட்காரும் மாணவன் ஐந்தாறு வரிக்குள்ளேயே முட்டிக்கொண்டு நிற்பான். பத்திரிகையில் அச்சாகி வந்ததைச் சந்தேகிக்க அவனுக்குத் தோன்றாது. பிழை தன்னுடையதுதான் என்று நினைத்துக் கொப்பியை மூடிவிடுவான்.

பிழைகள் இவை. பேபியின் அறிவுறுத்தல்களுள் 'கூட்டு' என்று ஒன்றைப் போட்டிருக்கிறீர்கள். அப்படி ஒன்று அந்த இயந்திரத்தில் இருந்ததில்லை. தாவும் அறிவுறுத்தலில் போகவேண்டிய வரியின் எண்ணையே எழுதவேண்டும் என்கிறீர்கள். அது அவ்வாறு வேலை செய்யாது. துவித எண்களை, அதாவது பூச்சியமும் ஒன்றும் மட்டும் கொண்டு எழுதும் எண்களை, நாம் வழக்கமாக எழுதும் ஒழுங்கிலேயே தந்திருக்கிறீர்கள். பேபியில் அவை தலைமாறி நிற்கும்.

முதலாவதிலிருந்து தொடங்குகிறோம். 1948 ஜூன் 21ஆம் திகதி மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேபி தன் முதற் செய்நிரலை ஓட்டியபோது அதற்குத் தெரிந்த அறிவுறுத்தல்கள் ஏழே ஏழு. நினைவகம் 32 வரி, வரிக்கு 32 பிட், அதாவது 32 பூச்சியம் அல்லது ஒன்று. அதற்கு வெளியே கணக்குச் செய்வதற்கும் அதன் விடையை வைத்திருப்பதற்கும் ஒரே ஒரு திரட்டி. எந்த வரியில் நிற்கிறோம் என்பதை வைத்திருக்க ஒரு செய்நிரல் எண்ணி. அவ்வளவுதான் இயந்திரம். அறிவுறுத்தல்களுக்குத் தமிழில் நாங்கள் சொல்லிக்கொடுக்கும் பெயர்களையே இங்கே தருகிறோம். 'மறையெடு' என்றால் சொன்ன வரியிலுள்ள எண்ணை எடுத்து, அதன் குறியை மாற்றி, திரட்டியில் போடு. 'கழி' என்றால் சொன்ன வரியிலுள்ளதைத் திரட்டியிலிருந்து கழி. 'வை' என்றால் திரட்டியில் இருப்பதைச் சொன்ன வரியில் எழுது. எழுதியபின் திரட்டி காலியாவதில்லை, அதே எண் அங்கேயே இருக்கும். 'சோதி' என்றால் திரட்டியில் மறை எண் இருந்தால் அடுத்த வரியை விட்டுத் தாண்டு. 'தாவு', 'நகர்' இரண்டும் எண்ணியை மாற்றுபவை. அவற்றுக்குப் பிறகு வருகிறோம். கடைசியாக 'நில்'.

கூட்டல் ஏன் இல்லை? கழித்தல் மட்டும் இருந்தால் கூட்டலை அதிலிருந்தே உண்டாக்கிக்கொள்ளலாம் என்பதுதான் விடை. கூட்டல் மட்டும் இருந்தால் அதிலிருந்து கழித்தலை எளிதில் எடுக்க முடியாது. குறியை மாற்ற இன்னொரு சுற்று வேண்டும். வால்வுகளால் கட்டும்போது ஒவ்வொரு சுற்றும் செலவு, சூடு, பழுதாகக்கூடிய இன்னொரு இடம். 'மறையெடு' என்பதுகூடப் பூச்சியத்திலிருந்து கழிப்பதுதான். ஆகவே ஒரே கழிப்பியை வைத்து இரண்டு அறிவுறுத்தல்களையும் நடத்திவிட்டார்கள். 45ஐயும் 37ஐயும் கூட்டவேண்டும் என்று வையுங்கள். 20ஆம் வரியில் 45, 21ஆம் வரியில் 37.

1: மறையெடு 20
2: கழி 21
3: வை 22
4: மறையெடு 22
5: வை 22
6: நில்

முதல் வரியில் திரட்டி −45. இரண்டாவதில் −82. அதை 22இல் வைத்து, குறியை மாற்றித் திரும்ப எடுத்தால் 82. இந்த ஆறு வரியையும் ஒரு முறை கையால் செய்து பார்த்த பிள்ளைக்கு, திரட்டி என்றால் என்ன, நினைவகம் என்றால் என்ன என்று தனியே விளக்கத் தேவையே இல்லை. 'கூட்டு' என்ற ஒன்றை இட்டுக்கட்டி எழுதியதால் இந்தப் பயிற்சியின் சாரமே கட்டுரையில் அடிபட்டுப் போய்விட்டது.

இனித் துவித ஒழுங்கு. பேபி பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கையாளும் இயந்திரம். கழிக்கும்போது கடன் வாங்குவது சிறிய இடத்திலிருந்து பெரிய இடத்துக்குப் போவதால், சிறிய பிட் முதலில் வந்தாக வேண்டும். பேபியின் நினைவகம் ஒரு கதோட்டுக் கதிர்க் குழாய்; அதன் முகப்பில் மின்கற்றை இடமிருந்து வலமாக ஓடுகிறது. ஆகவே இடதுகோடியில் ஒன்றின் இடம், அடுத்து இரண்டின் இடம், பிறகு நான்கு, எட்டு. நாம் 10100 என்று எழுதும் 20, அங்கே 00101 ஆக நிற்கும். ஓர் அறிவுறுத்தலில் இடதுபக்கத்து முதல் 5 பிட்டுகள் வரி எண். அடுத்த 8 பயன்படுவதில்லை. அதற்கடுத்த 3 பிட்டுகள்தான் என்ன செய்யவேண்டும் என்பதைச் சொல்பவை. மிகுதி 16 அறிவுறுத்தலுக்குத் தேவையில்லை. அந்த மூன்று பிட்டுகளைப் பேபியின் ஒழுங்கிலேயே எழுதினால்: தாவு 000, நகர் 100, மறையெடு 010, வை 110, கழி 001, சோதி 011, நில் 111. மூன்று பிட்டுக்கு எட்டு வகை வரவேண்டும், இங்கே ஏழுதான் இருக்கின்றன என்று கூர்மையான மாணவர் கேட்பார். எட்டாவதான 101உம் கழித்தல்தான். அங்கே ஒரு பிட்டை இயந்திரம் பார்ப்பதே இல்லை. பார்க்காமல் விட்டதில் சில உதிரிப்பாகங்கள் மிச்சம்.

ஆகவே 'மறையெடு 20' என்பது நினைவகத்தில் இப்படி இருக்கும்: 00101 00000000 010, பின்னே 16 பூச்சியம். இதைப் பத்திரிகையில் அச்சிடும்போது பூச்சியமும் ஒன்றும் ஒரே அகலம் கொண்ட எழுத்துருவில் போடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் எண்ணிப் பார்க்கையில் இடம் தவறிவிடும்.

தாவும் அறிவுறுத்தலைப் பற்றிய பிழைதான் பெரியது. மாணவர்கள் மட்டுமல்லாமல், இன்றைய செயலிகளின் பழக்கத்தோடு வருகிற பெரியவர்களும் இதில் இடறுகிறார்கள். 'தாவு 23' என்றால் 23ஆம் வரிக்குப் போ என்று பொருளல்ல. 23ஆம் வரியில் எழுதியிருக்கும் எண்ணை எடுத்து எண்ணியில் போடு என்று பொருள். அது முதற் படி. இரண்டாவது படி இன்னும் நுட்பமானது: பேபி ஒவ்வொரு அறிவுறுத்தலையும் கொணர்வதற்கு முன்பே எண்ணியில் ஒன்றைக் கூட்டிக்கொள்கிறது, கொணர்ந்தபின் அல்ல. எண்ணி 0இல் தொடங்குகிறது. ஒன்று கூட, முதலில் நிறைவேறுவது 1ஆம் வரி. செய்நிரல்கள் 1இலிருந்து எழுதப்படுவதற்குக் காரணம் இதுதான். அதே காரணத்தால், 4ஆம் வரிக்குத் தாவவேண்டுமானால் 23ஆம் வரியில் 3 என்று எழுதவேண்டும். 4 என்று எழுதினால் 5க்குப் போய்விடும்.

17ஐ 5ஆல் வகுத்து மீதி காணும் செய்நிரலை எடுங்கள். 20ஆம் வரியில் 17, 21இல் 5, 22 வெறுமை, 23இல் 3, 24இல் −5.

1: மறையெடு 20
2: வை 22
3: மறையெடு 22
4: கழி 21
5: சோதி
6: தாவு 23
7: கழி 24
8: வை 22
9: நில்

முதல் மூன்று வரியும் 17ஐக் குறி மாறாமல் திரட்டிக்குள் கொண்டுவருவதற்கே செலவாகின்றன. பிறகு 4, 5, 6 சுற்றுகிறது: 12, 7, 2. நான்காம் முறை கழிக்கும்போது −3. சோதி அதைக் கண்டதும் எண்ணியில் இன்னுமொன்றைக் கூட்டுகிறது; 6ஆம் வரி தாண்டப்பட்டு 7க்கு வருகிறோம். ஒரு 5 கூடுதலாகக் கழித்துவிட்டோம், அதைத் திருப்பிச் சேர்க்கவேண்டும். கூட்டல் இல்லாததால் −5ஐக் கழிக்கிறோம். மீதி 2. மொத்தம் நிறைவேறியவை 17 அறிவுறுத்தல்கள். வகுக்கப்படும் எண்ணும் 17 என்பது தற்செயல். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

23இல் 3க்குப் பதில் 4 இருந்தால் என்ன ஆகும் என்பதையும் மாணவர் செய்து பார்க்கவேண்டும். முதல் முறை கழித்து 12 வந்தபின் 5ஆம் வரிக்குப் போகும். சோதி, தாவு, சோதி, தாவு என்று 12ஐ வைத்துக்கொண்டே சுற்றும். கழித்தல் மறுபடி நடக்கவே நடக்காது. தங்கள் கட்டுரையின் அட்டவணையை அப்படியே பின்பற்றினால் இதுதான் நேரும்.

'நகர்' சற்று வேறு. சொன்ன வரியிலுள்ள எண்ணை எண்ணியில் போடாமல், எண்ணியோடு கூட்டுகிறது. மேலே 6ஆம் வரியில் தாவுக்குப் பதில் நகர் போட்டால் 23இல் −3 இருக்கவேண்டும்: 6இலிருந்து 3ஐக் கழித்தால் 3, அதற்குமேல் வழக்கமான ஒன்று, ஆக 4. செய்நிரலின் தொடக்கத்தில் ஒரு வரியைப் புகுத்த நேர்ந்தால் தாவுக்குரிய எண்ணைத் திருத்தவேண்டும், நகருக்குரியதைத் தொடவேண்டியதில்லை. கையால் எழுதிப் பழகுபவர்களுக்கு நகர்தான் வசதி என்பது எங்கள் கருத்து.

இதற்கு ஆய்வுகூடம் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். சதுரக் கோடு போட்ட கணிதக் கொப்பியில் 32 வரிக்கு இலக்கமிட்டு, 0இலிருந்து 31 வரை, அறிவுறுத்தலைச் சொல்லாகவும் எண்ணைத் தசமமாகவும் எழுதினால் போதும். துவிதத்துக்கு மாற்றுவதைக் கடைசியில் செய்யலாம். மூன்று பேராக இருத்துவது நல்லது: ஒருவர் கையில் திரட்டி, ஒருவர் கையில் எண்ணி, ஒருவர் கையில் கொப்பி. எண்ணியை வைத்திருப்பவர் ஒன்றைக் கூட்டிச் சத்தமாகச் சொன்ன பிறகுதான் கொப்பிக்காரர் அந்த வரியை வாசிக்கவேண்டும். இந்த ஒழுங்கை மாற்றினால் எல்லாத் தாவலும் ஒரு வரி பிசகும். 'வை' வந்தால் பழைய எண்ணை அழிறப்பரால் அழித்துவிட்டுத்தான் புதியதை எழுதவேண்டும், பக்கத்தில் எழுதக்கூடாது. நினைவகத்தில் பழையது மிஞ்சாது என்பது அழிக்கும்போதுதான் கைக்குப் புரிகிறது.

வழக்கமாக நேரும் இன்னொரு தவறு, கடைசியில் 'நில்' போட மறப்பது. மேலே உள்ள செய்நிரலில் 9ஆம் வரி வெறுமையாக இருக்கட்டும். வெறுமையான வரி என்றால் 32 பூச்சியம். பேபிக்கு வெறுமை என்று ஒன்று இல்லை. அந்தப் பூச்சியங்களை அது 'தாவு 0' என்று வாசிக்கும். 0ஆம் வரியிலும் பூச்சியம் இருந்தால் எண்ணி 0 ஆகி, ஒன்று கூடி, செய்நிரல் முதலிலிருந்து மறுபடி தொடங்கும். நிற்கவே நிற்காது. இதற்கு நேர்மாறாக, வழி தவறி 24ஆம் வரிக்குப் போனால் உடனே நின்றுவிடும். −5ஐ இரண்டின் நிரப்பியில், அதாவது மறை எண்களைத் துவிதத்தில் எழுதும் முறையில், பேபியின் ஒழுங்கிலேயே எழுதினால் 1101, பின்னே 28 ஒன்றுகள். செயலைச் சொல்லும் மூன்று பிட்டும் 111, அதாவது நில். சிறிய மறை எண் எதுவாயினும் இதே கதைதான். இரண்டின் நிரப்பியைப் பரீட்சைக்காக மட்டும் படித்த மாணவருக்கு இந்த ஒரு வரி நிறையச் சொல்லும்.

இங்கேதான் 'சேமித்த செய்நிரல்' என்ற எண்ணக்கரு, அதாவது செய்நிரலும் எண்களைப் போலவே நினைவகத்தில் இருப்பது, உயிர் பெறுகிறது. கட்டுரையில் அதற்கு ஒரு வாக்கியமே இருந்தது. செயலைச் சொல்லும் பிட்டுகள் 8192இன் இடத்தில் தொடங்குகின்றன. மறையெடு என்பது 2, கழி என்பது 4. ஆகவே 'மறையெடு 20' என்ற அறிவுறுத்தல் 16404 (2 × 8192 + 20) என்ற எண்ணும்தான். 'கழி 20' என்பது 32788. இரண்டும் ஒரே நினைவகத்தில் ஒரே வடிவில் இருப்பதால், செய்நிரல் தன்னுடைய வரி ஒன்றையே எண்ணாக எடுத்து மாற்றித் திருப்பி எழுத முடியும். 20 முதல் 24 வரையுள்ள ஐந்து எண்களின் கூட்டுத்தொகை வேண்டுமா? 0ஆம் வரி பூச்சியம், 26ஆம் வரியில் 'கழி 25' என்ற அறிவுறுத்தல், அதாவது 32793, 27இல் 1, 28இல் பூச்சியம், 29 தற்காலிக இடம்.

1: மறையெடு 28
2: கழி 20
3: வை 28
4: மறையெடு 28
5: வை 28
6: மறையெடு 2
7: கழி 27
8: வை 29
9: மறையெடு 29
10: வை 2
11: கழி 26
12: சோதி
13: நில்
14: தாவு 0

முதல் ஐந்து வரியும் முன்னர் பார்த்த கூட்டலே. 6இலிருந்து 10 வரைதான் விசேடம்: 2ஆம் வரியை எடுக்கிறது, −32788, ஒன்றைக் கழிக்கிறது, −32789, வைத்து, குறி மாற்றி எடுத்து, 32789ஐ 2ஆம் வரியிலேயே எழுதுகிறது. 2ஆம் வரி இப்போது 'கழி 21'. அதே எண் இன்னும் திரட்டியில் இருப்பதால் 11ஆம் வரியில் எல்லையோடு ஒப்பிட முடிகிறது: −4, மறை எண், நில்லைத் தாண்டித் திரும்பப் போகிறது. ஐந்தாவது சுற்றில் பூச்சியம் வர, நிற்கிறது. சுற்றுக்கு 13, மொத்தம் 65 அறிவுறுத்தல்கள். 14ஆம் வரியை எழுதாமலே விட்டாலும் செய்நிரல் ஓடும். ஏன் என்று மாணவரையே கேளுங்கள்.

இந்தச் செய்நிரலில் ஓர் ஆபத்து இருக்கிறது. நின்றபின், 20 முதல் 24 வரை புதிய எண்களை எழுதி இரண்டாம் முறை ஓட்டிப் பாருங்கள். 2ஆம் வரி இன்னும் 'கழி 25' என்றே நிற்கிறது; 28இல் பழைய தொகை இருக்கிறது. வெறுமையான 25ஆம் வரியைச் சேர்த்துவிட்டு, திரட்டியில் 1 வர, ஒரே சுற்றில் நின்றுவிடும். 28இல் இருப்பது பழைய விடை. இயந்திரம் ஒழுங்காக ஓடி நின்றதுபோலத் தோன்றும், விடையும் நம்பக்கூடியதாக இருக்கும், ஆனால் புதிய எண்களில் ஒன்றுகூடத் தொடப்படவில்லை. தன்னையே மாற்றும் செய்நிரலில், மாறிய வரிகளைத் தொடக்கத்திலேயே பழைய நிலைக்குக் கொண்டுவரவேண்டும். இங்கே 2ஆம் வரியும் 28ஆம் வரியும். இந்தத் தொல்லையைக் குறைக்கும் வழியை மன்செஸ்டர்காரர்களே கண்டார்கள். பேபியிலிருந்து வளர்ந்த மார்க் 1 இயந்திரத்தில், 1949இல், அறிவுறுத்தலைத் தொடாமல் வரி எண்ணை மட்டும் நகர்த்தித் தரும் தனிப் பதிவகங்களை (எண் ஒன்றைத் தாங்கும் சிறு இடங்களை) சேர்த்தார்கள். இன்றைய செயலிகளிலுள்ள சுட்டெண் பதிவகத்தின் மூலம் அதுதான்.

இயந்திரத்தின் வரலாற்றைக் கட்டுரை சரியாகவே சொல்லியிருக்கிறது, ஆனால் நோக்கத்தைச் சொல்லவில்லை. பேபி கணக்குப் போடுவதற்காகக் கட்டப்பட்டதல்ல. கதோட்டுக் கதிர்க் குழாயின் முகப்பில் மின்னேற்றப் புள்ளிகளாகப் பிட்டுகளைச் சேமிக்க பிரெடி வில்லியம்ஸும் டொம் கில்பேர்னும் கண்ட முறை, கணினி வேகத்தில் இடைவிடாமல் எழுதவும் வாசிக்கவும் தாங்குமா என்று பார்ப்பதற்காகவே கட்டப்பட்டது. ஜெஃப் டூட்டில் அவர்களோடு சேர்ந்து கட்டினார். ஏற்றம் ஒரு வினாடியின் சிறு பகுதிக்குள் கசிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு வரியையும் ஓயாமல் வாசித்துத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்கவேண்டும். பேபியின் தாளத்தில் ஒரு துடிப்பு இந்தப் புதுப்பித்தலுக்கு, அடுத்த துடிப்பு வேலைக்கு, என மாறி மாறி வரும். இன்று நம் கணினிகளிலுள்ள நினைவகச் சில்லுகளும் ஏற்றம் கசிவதால் இப்படித்தான் புதுப்பிக்கப்படுகின்றன என்பதை ஆசிரியர்கள் சேர்த்துச் சொல்லலாம்.

உள்ளிட 32 பொத்தான்கள், வரியைத் தெரிய ஆளிகள்; வெளியீடு என்பது கண்காணிப்புக் குழாயில் தெரியும் 32 வரிகளே. பூச்சியம் புள்ளியாகவும் ஒன்று சிறு கோடாகவும் தெரியும். அறிவுறுத்தல்களை ஒவ்வொன்றாக நிறைவேற்றிப் பார்க்கவும் வசதி இருந்தது. கொப்பியில் நாம் செய்வதும் அதுவே.

அந்த முதற் செய்நிரல் 17 அறிவுறுத்தல்கள் கொண்டது, கில்பேர்ன் எழுதியது. 2இன் 18ஆம் வலுவான 262144க்கு, அதைத் தவிர்ந்த மிகப்பெரிய காரணி எது என்று தேடியது. கட்டுரை விடையைச் சரியாகத் தந்திருக்கிறது, 131072. விடை முன்னமே தெரிந்த கணக்கை ஏன் கொடுத்தார்கள் என்ற கேள்விதான் விடுபட்டுப் போயிற்று. நீண்ட நேரம் ஓடவேண்டும், விடை சரியா என்று உடனே தெரியவேண்டும், இரண்டும் தேவைப்பட்டன. 262143இல் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே, நாம் மேலே மீதி கண்ட அதே முறையில், திரும்பத் திரும்பக் கழித்துச் சோதித்தது. ஏறத்தாழ 1,30,000 எண்கள், 35 இலட்சம் அறிவுறுத்தல்கள், 52 நிமிடம். கணக்கிட்டால் வினாடிக்கு 1,100 அளவில், சோதித்த எண் ஒன்றுக்கு 27 அளவில் வருகிறது. 27 ஏன் போதுமானது என்பதை மாணவர் யோசிக்கலாம்: பாதிக்கு மேற்பட்ட எண்ணை 262144இலிருந்து இரண்டு முறை கழித்தாலே மறை எண் வந்துவிடும். 52 நிமிடத்தில் ஒரேயொரு பிட் ஓரிடத்தில் புரண்டிருந்தாலும் விடை கெட்டிருக்கும். அது கெடவில்லை என்பதே அன்று அவர்களுக்குக் கிடைத்த பேறு.

கட்டுரையின் ஓரத்துப் பெட்டிச் செய்தியில் கேம்பிரிட்ஜின் எட்சாக்கை முதலாவது சேமித்த செய்நிரல் கணினி என்று குறித்திருப்பது கட்டுரையோடேயே முரண்படுகிறது. எட்சாக் முதன்முதல் ஓடியது 1949 மே 6ஆம் திகதி. ஆராய்ச்சியாளர்களுக்கு அன்றாடம் சேவை தந்த முதல் இயந்திரம் என்ற பெருமை அதற்கு உரியது. காலத்தால் முந்தியது பேபிதான். எட்சாக்கில் கூட்டலும் பெருக்கலும் இருந்தன. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்ததால்தான் 'கூட்டு' பேபிக்குள் வந்திருக்கலாம் என்று நினைக்கிறோம். 'வை'க்குப் பின் திரட்டி காலியாகும் என்று எழுதியிருப்பதும் அப்படியே. எட்சாக்கில் காலி செய்யும் வகையும் செய்யாத வகையும் தனித்தனியே உண்டு, பேபியில் காலியாவதில்லை.

தங்களிடம் நாங்கள் கேட்பது சிறிய காரியம். அடுத்த மாணவர் பக்கத்தில் திருத்திய அட்டவணையையும் மீதி காணும் ஒன்பது வரிச் செய்நிரலையும் சேர்த்து வெளியிடுங்கள். அதைத் தொடர்ந்து ஒரு பயிற்சியும் தரலாம்: அதே செய்நிரலை மாற்றி, மீதியோடு ஈவையும் காண்க. ஈவை எண்ணுவதற்கு ஒவ்வொரு சுற்றிலும் திரட்டியைக் காலி செய்துகொள்ள நேரும் என்பதால், அதற்குமுன் மிச்சத்தை ஒரு வரியில் வைத்து, பிறகு குறி மாறாமல் திரும்ப எடுக்கவேண்டும். 32 வரிக்குள் தாராளமாக அடங்கும். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மட்டுமல்லாமல், கணினி ஆய்வுகூடம் இல்லாத பாடசாலைப் பிள்ளைகளும் தங்கள் பக்கத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைக்கிறார்கள். அவர்களுக்கு இது இருக்கும் ஒரே இயந்திரம்.

அச்சுக்குப் போகும் முன் ஒருவரைக்கொண்டு 17 படியையும் கையால் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எழுத்துக் கோப்பில் யாராவது நல்லெண்ணத்தோடு 'திருத்தி'விடக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது: 23ஆம் வரியில் 4 அல்ல, 3 என்றே இருக்கவேண்டும்.

இங்ஙனம்,
தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இருவர்,
கொழும்பு 06.